நாற்பத்தொன்றாம் கல்

துறைமுகத் தெரு சலூனில் வனக்காவலர் பாதி மீசையோடு உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் அந்த வேன் வந்து நின்றது. நின்ற விதமே சரியில்லை. தங்கை வேனை நிறுத்தினால் பூனை வந்து படுத்த மாதிரி இருக்கும் என்று சலூன்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர். இன்றைக்கு முன்சக்கரம் நடைபாதையில் ஏறி இறங்கியது. கத்திரிக்கோலை அப்படியே பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வேனின் முன்கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் தொங்கும், பயணிகளை ஏற்றுவதற்கான அனுமதிப் பலகையைக் காணோம்.

"போச்சுண்ணே! பலகையைப் பிடுங்கிட்டாங்க" என்று உள்ளே வந்தாள் வேன்காரத் தங்கை. குரல் உடையவில்லை. ஆனால் சாவிக்கொத்தைக் கண்ணாடி முன்னால் வீசினாள்.

"எவன் பிடுங்கினது?" சலூன்காரர் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "இப்பவே போய் ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

"கத்திரியைக் கீழே வை மாப்ளே. அவருக்கு மிச்ச மீசையாவது இருக்கட்டும்" என்றது மூலை பெஞ்சிலிருந்து ஒரு குரல். நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் படிக்கிறவர் அந்த ஊரில் ஒருவர்தான். சலூன்காரருடைய அக்காவின் கணவர் அவர், சாலை இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் 'மைல்கல்'. தீவைச் சுற்றி ஓடும் தொண்ணூற்றாறு மைல் சாலைக்கும் கல் நட்டவர் அவர். ஒவ்வொரு கல்லும் அவருக்கு மனப்பாடம், அதனால்தான் அந்தப் பெயர் என்று சலூன்காரர் வருகிற போகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். காணாமல் போன சைக்கிள், கையெழுத்தில்லாத கடிதம், யார் வீட்டுச் சுவரை யார் இடித்தது என்று எல்லா வழக்கும் இந்த பெஞ்சுக்குத்தான் வரும். சலூன்காரர் தன்னை மாமாவின் வலதுகை என்று சொல்லிக்கொள்வார். மாமா அதை ஒத்துக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

"முதல்ல உட்காரும்மா. ஒரு வாய் தண்ணி குடி. அப்புறம் முதல்லேருந்து சொல்லு" என்றார் மைல்கல்.

அவள் சொன்னாள். மூன்று நாள், இரண்டு ராத்திரி, தீவை ஒரு சுற்று. அவசரப்படாத பயணம், அதுதான் அவள் வேனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. தோன்றுகிற இடத்தில் நிறுத்துவாள். அருவி கண்டால் அரைமணி, ஆமைக்குஞ்சு கண்டால் ஒரு மணி. கடல் எப்போதும் இடப்பக்கம் இருக்கிற மாதிரிதான் சுற்றுவாள். அப்போதுதான் இறங்குகிறவர்கள் சாலையைக் கடக்க வேண்டாம். இந்தத் தடவை ஏழு இருக்கையில் ஐந்து பேர். ஒரு குடும்பம், அப்பா அம்மா இரண்டு பெண்கள். அவர்கள் நேற்றுச் சாயங்காலமே கப்பலேறிவிட்டார்கள். கரை சேர இரண்டு நாளாகும், அதுவரை அவர்களைச் சாட்சி கேட்க முடியாது. ஐந்தாவது ஆள் ஒரு கேமராக்காரர்.

"அந்த ஆள்தான் புகார் கொடுத்திருக்கார். ரெண்டாம் நாள் கருமணல் கடற்கரையில அவரை விட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிட்டேனாம். சாயங்காலம் வரைக்கும் வெயில்ல கிடந்து வெந்தாராம். கேமராவையும் அலை அடிச்சுட்டுப் போயிடுச்சாம்."

"நிஜத்துல என்ன நடந்தது?"

"நிஜத்துல அவர் கருமணலுக்கே வரலை மாமா. அதுக்கு முன்னாடி படகுத்துறையில சாப்பாட்டுக்கு நிறுத்தினேன். ஒரு மணிக்குக் கிளம்பறப்போ ஜன்னல்கிட்ட வந்தார். 'இந்த ஊர்ல என் சிநேகிதர் இருக்கார், நான் இங்கேயே நின்னுக்கறேன், நீங்க கிளம்புங்க'ன்னார். பையை எடுத்துக்கிட்டார். நானும் சரின்னுட்டேன்."

"சிப்பியை வாங்கினியா?"

தங்கை தலையைக் குனிந்தாள். அந்தச் சிப்பி விஷயம் தீவில் எல்லோருக்கும் தெரியும். ஏழு இருக்கைக்கு ஏழு சிப்பி, ஒவ்வொன்றிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு எண். இறங்கும்போது ஆளுக்கு ஒன்று கையில் கொடுப்பாள். ஏறும்போது திருப்பி வாங்கி ஆணியில் மாட்டுவாள். ஆணி ஒன்று காலியாக இருந்தாலும் வேன் நகராது. பதினாலு வருடத்தில் ஒரு குழந்தை, ஒரு குடை, ஒரு செருப்புகூடத் தவறிப்போனதில்லை.

"சாப்பிடற இடத்துல வெச்சுட்டேன், துறைமுகத்துக்கு வந்ததும் கொடுத்துடறேன்னார். பெரிய மனுஷர் சொல்றாரேன்னு நம்பிட்டேன். இப்ப அந்த ஆறாம் நம்பர் சிப்பியை வாகன அனுமதி அதிகாரி மேஜை மேல வெச்சு, 'பாருங்க, இன்னும் என்கிட்டதான் இருக்கு, எண்ணிப் பார்க்காமலே போயிட்டாங்க'ன்னு சொல்றார். அதிகாரி இங்க வந்து ஒரு மாசம்கூட ஆகலை. அவங்களுக்கு நான் யாரு? நாளைக்குக் காலையில பத்து மணிக்கு விசாரணை. நிரூபிக்க முடியலைன்னா பலகை திரும்பாது."

சலூன்காரர் வாசல் வழியாக வேனைப் பார்த்தார். அந்தப் பலகையை வாங்கிய முதல் பெண் அவள். ஸ்டியரிங் எல்லாம் உனக்கெதற்கு என்று அன்றைக்குத் தடுத்தவரும் அவர்தான். இன்றைக்கு அவள் வேன் தெருவைக் கடந்தால், நாற்காலியில் இருப்பவரின் தலையைத் திருப்பி, "அது என் தங்கச்சி" என்று காட்டுகிறவரும் அவர்தான்.

"கருமணல்ல எப்பவும் எவ்வளவு நேரம் நிறுத்துவே?" என்றார் மைல்கல்.

"ஒண்ணரைக்குப் போய்ச் சேருவேன். ரெண்டரைக்குள்ள கிளப்பிடுவேன். அங்க காலைச் சூரியன்தான் அழகு, கடல்லேருந்து எழும்பும். ரெண்டரைக்கு மேல பின்னாடி இருக்கிற மலையோட நிழல் விழுந்துடும். பிள்ளைங்க குளிருதுன்னு சிணுங்கும்."

"அந்தக் கேமராக்காரர் எப்படிப்பட்ட ஆள்?"

"வெயில்னா ஆகவே ஆகாது. ஒண்ணரை நாளும் தொப்பி போட்டு, கழுத்தைச் சுத்தித் துண்டைக் கட்டிக்கிட்டு, நிழல்லயே நின்னார். பறவையைப் பத்தி மட்டும் நாள் பூரா பேசுவார்."

பாதி மீசைக் காவலர் பெருமூச்சு விட்டார். "பறவைன்னு சொல்லாதீங்கம்மா, எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. அதே நாள் மத்தியானம்தான் படகுத்துறைக்கு எதிர்ல இருக்கிற பறவைத் திட்டுல எவனோ இறங்கிட்டான். முட்டை வைக்கிற காலம், ஆள் போகக்கூடாதுன்னு கயிறு கட்டியிருக்கோம். கயித்தை அறுத்துட்டுப் போயிருக்கான். ஒம்போது கூடு நசுங்கிப் போச்சு. தூரத்துல ஒரு படகு தெரிஞ்சது. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஓடிட்டான். விடுதி விடுதியா விசாரிச்சுக்கிட்டிருக்கேன்."

"ஐயோ பாவம். தலையை ஆட்டாதீங்க, மீசை கோணிடும்" என்றார் சலூன்காரர். அவர் மனசெல்லாம் தங்கையிடம் இருந்தது. மைல்கல் மட்டும் நாளிதழை நாலாக மடித்து வைத்தார்.

"மாப்ளே, அந்த ஆள் தங்கியிருக்கிறது எதிர் விடுதிதானே? அங்க தங்கறவங்களுக்கு ஷேவ் பண்ண உன்னைத்தானே கூப்பிடுவாங்க?"

"ஆமா."

"நாளைக்கு அதிகாரி முன்னாடி நிக்கணும். இன்னைக்கு எப்படியும் ஷேவ் பண்ணிக்குவார். பெட்டியை எடுத்துக்கிட்டுப் போ. நீ யாரோட அண்ணன்னு சொல்ல வேண்டாம். வேலையைப் பாரு, கண்ணால பாரு, காதால கேளு. வாயை மட்டும் இங்க விட்டுட்டுப் போ."

கடைசி நிபந்தனைதான் சலூன்காரருக்குக் கஷ்டம். ஆனாலும் தங்கைக்காக ஒப்புக்கொண்டார்.

விடுதியின் மாடி அறையில் கேமராக்காரர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெந்து, மூக்கு நுனியில் தோல் உரிந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. சலூன்காரர் நுரையைக் கூட்டினார். கையில் கத்தி, எதிரில் அந்தக் கழுத்து. ஒரு கணம் அவர் மனம் எங்கெங்கோ போய்த் திரும்பியது. ஆனால் முப்பது வருடமாகச் சிரைக்கிற கை அது. எதிரியானாலும் முகம் என்று வந்துவிட்டால் ஒரு கீறல் விழக்கூடாது. அதில் அவருக்குத் தன் தங்கைக்குக் கொஞ்சமும் குறையாத கர்வம் உண்டு.

"முகமெல்லாம் இப்படி ஆயிருக்கே சார்?" என்று மட்டும் கேட்டார். அது போதுமாக இருந்தது.

"அந்த வேன்காரம்மா பண்ணின வேலைப்பா! கருமணல் கடற்கரையில என்னை விட்டுட்டுப் போயிட்டா. ரெண்டு மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் வெயில்ல வெந்தேன். இந்த முகமே சாட்சி. நாளைக்கு இதைத்தான் காட்டப் போறேன்."

"கேமராவும் போயிடுச்சாமே?"

"அது முதல்லயே போயிடுச்சு. இறங்கின உடனே பாறை மேல வெச்சுட்டுக் குளிக்கப் போனேன், ஒரு அலை வந்து வாரிக்கிட்டுப் போயிடுச்சு. மேல ஏறி வந்து பார்த்தா வேனும் இல்லை. பக்கத்துல இருந்த நாப்பத்தொண்ணாம் மைல்கல் மேல உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு ஒரு லாரி வர்ற வரைக்கும் அந்தக் கல்லைவிட்டு எழுந்திருக்கலை."

மோவாயைத் தூக்கி அடிப்பக்கம் கத்தி வைத்தபோது மனுஷர் ஐயோ என்று துள்ளினார். அங்கேயும் தோல் கன்றிச் சிவந்திருந்தது. மூக்குத் துவாரத்தின் ஓரம்கூட. சலூன்காரர் இரண்டாம் தடவை குளிர்ந்த கிரீமைத் தடவி, இறகு தடவுகிற மாதிரி மழித்தார். பின்கழுத்தில் முடியைச் சீராக்கக் காலரை இறக்கினார். வெந்த தோலின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை, ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு ஓடியது. அதன் ஓரங்கள் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருந்தன.

கீறல் ஒன்றுகூட இல்லாமல் வேலையை முடித்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி ஓடிவந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன் மாமா!" என்றார் மூச்சு வாங்க. "அவன் ஷூ புத்தம் புதுசு! வேற எவனோ வேன் வெச்சிருக்கிறவன் வாங்கிக் கொடுத்து நம்ம பிள்ளை மேல ஏவிவிட்டிருக்கான்."

"ஷூவை விடு. நீ பார்த்ததைச் சொல்லு. நினைச்சதைச் சொல்லாதே."

சலூன்காரர் ஒன்று விடாமல் ஒப்பித்தார். அந்த ஒரு திறமை அவரிடம் உண்டு. கேட்டதைக் கேட்ட மாதிரியே சொல்வார். "தாடைக்கு அடியில எல்லாம் வெந்திருக்கு மாமா. எனக்குத் தெரிஞ்சு, கடலுக்குப் போறவங்களுக்குத்தான் அந்த இடத்துல கத்தி வெச்சா அப்படி எரியும்."

"நீ சொன்னதை நீயே கேட்டியா?"

"கேட்டேனே."

"கேட்கலை. சரி, மேல சொல்லு."

நாற்பத்தொன்றாம் கல்லுக்கு வந்தபோது மைல்கல்லின் முகம் மாறியது. "எந்தக் கல்லு?" என்றார். சலூன்காரர் சொன்னார். "இன்னொரு தடவை சொல்லு." சொன்னார். மூன்றாம் தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, மனுஷர் எழுந்து வாசலுக்குப் போய்ச் சும்மா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். குற்றவாளி அகப்பட்டுவிட்டால் அவர் மூக்கைத் தடவிக்கொள்வது வழக்கம். இன்றைக்கு அதைச் செய்யவில்லை.

"மாமா, ஜெயிச்சுடுவோமா?"

"ஜெயிச்சுடுவோம். நம்ம காவலரையும் பத்து மணிக்கு அங்க வரச் சொல்லு." கொஞ்சம் நிறுத்தினார். "மாப்ளே, நாளைக்கு அங்க என்னைப் பத்தி ஒரு விஷயம் கேள்விப்படுவே. மனசைத் தளரவிடாதே."

சலூன்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேட்டால் பதில் வராது என்பது மட்டும் புரிந்தது.

மறுநாள் வாகன அனுமதி அலுவலகத்தில் உட்கார இடமில்லை. சுவரில் தீவின் படம், மேலே கிறீச்சிடும் மின்விசிறி, சுவரோரமாகக் கைகட்டி நிற்கும் மற்ற வேன்காரர்கள். மேஜைமேல் ஒரு பக்கம் அனுமதிப் பலகை, மறுபக்கம் ஆறாம் நம்பர் சிப்பி. அதிகாரி அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கேமராக்காரர் வெந்த முகத்தைக் காட்டி, தன் கதையைக் கல்லும் மணியும் தவறாமல் மறுபடி சொன்னார். தங்கை தன் கதையைச் சொன்னாள். இரண்டு பக்கமும் சாட்சி இல்லை. சாட்சியாக மேஜைமேல் சிப்பி மட்டும் இருந்தது.

"அம்மா, நான் ஓய்வு பெற்ற சாலை இன்ஸ்பெக்டர். இந்தப் பொண்ணு என் மனைவியோட தங்கச்சி, அதையும் முதல்லயே சொல்லிடறேன். ரெண்டு மூணு கேள்வி கேட்க அனுமதி வேணும்" என்று எழுந்தார் மைல்கல்.

அதிகாரி தலையசைத்தார்.

"சார், இந்த வெயில் கருமணல்ல பட்டதுதானே? வேற எங்கயும் இல்லையே?"

"வேற எங்க? அதுவரைக்கும் என் மேல வெயிலே படலை. தொப்பியும் துண்டுமாத்தான் இருந்தேன். குளிக்கப் போறப்போ கழட்டி வெச்சது எல்லாமே அலையில போயிடுச்சு."

"நல்லது." மைல்கல் சுவரிலிருந்த படத்தின் பக்கம் போனார். "அம்மா, கருமணல் கிழக்குக் கரை. முதுகுக்குப் பின்னாடி செங்குத்தா மலை. ரெண்டரை மணிக்கு நிழல் விழுந்துடும். இங்க நிக்கிற எந்த வேன்காரரையும் கேளுங்க. ரெண்டு மணியிலேருந்து வெந்தேன்னு சொல்றவருக்கு அரைமணி வெயில்தான் கிடைக்கும். அதுல மூக்குத் தோல் உரியாது."

"அது... எனக்கு மென்மையான தோல்" என்றார் கேமராக்காரர்.

"இருக்கலாம். அந்த மென்மையான தோலை நேத்து மழிச்சது எங்க மாப்பிள்ளை." எல்லோரும் திரும்பிப் பார்க்க, சலூன்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு கீறலாவது விழுந்ததா சார்?"

"இல்லை, ஆனா..."

"அதனால அவர் கண்ணையும் நம்பலாம். உங்க தாடைக்கு அடியில வெந்திருக்கு, மூக்குக்குக் கீழ வெந்திருக்கு. வெயில் மேலேருந்து விழும். கீழேருந்து எப்படி அடிச்சது? தண்ணியில பட்டுத் திரும்பினா அடிக்கும். கடலுக்குப் போறவங்க தாடையெல்லாம் அப்படித்தான் இருக்கும்னு நம்ம மாப்பிள்ளை சொன்னார். வெள்ளை மணல்னாகூடக் கொஞ்சம் திருப்பி அடிக்கும்னு வெச்சுக்கலாம். கருமணல் வெளிச்சத்தைக் குடிச்சுடும், திருப்பித் தராது. நீங்க அன்னைக்கு மத்தியானம் பூரா இருந்தது நடுக்கடல்ல, படகுல."

சலூன்காரர் தன் தொடையில் தானே ஒரு அடி போட்டுக்கொண்டார். நேற்றே சொன்னோமே, சொல்லியும் கேட்கவில்லையே!

"அப்புறம், பின்கழுத்துல ரெண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை. அது கேமரா வாரோட தடம். வெயில் பட்ட நேரமெல்லாம் கேமரா உங்க கழுத்துலதான் தொங்கியிருக்கு. இறங்கின உடனே அலையில போன கேமரா, வெயில்ல காயறப்போ கழுத்துக்கு எப்படி வந்தது?"

கேமராக்காரர் கை தன்னையறியாமல் காலரை மேலே இழுத்தது.

"இது எல்லாம் யூகம்! ஊர்க்காரங்க எல்லாரும் ஒண்ணு சேர்ந்துக்கிட்டீங்க" என்று அவர் அதிகாரியிடம் திரும்பினார். "நாப்பத்தொண்ணாம் கல் மேல நாலு மணி நேரம் உட்கார்ந்தவன் நான். அங்கேயே இல்லாதவனுக்குக் கல் நம்பர் எப்படித் தெரியும்?"

"அந்தக் கல்லுல நம்பரைக் கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேன். வெள்ளைக் கல், கறுப்பு எழுத்து. நாப்பத்தொண்ணு."

சுவரோரம் நின்ற வேன்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் இருமினார். தங்கை மட்டும் சட்டென்று எழுந்து, "வேண்டாம் மாமா" என்றாள்.

"வேணும்மா. உட்காரு." மைல்கல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அம்மா, இந்தத் தீவுல நாப்பத்தொண்ணாம் கல்லே கிடையாது."

அதிகாரி நிமிர்ந்தார். "படத்துல நாப்பத்தோராவது மைல்னு இருக்கே?"

"படம் தூரத்தை அளந்து போட்டது. அதுல எல்லா மைலும் இருக்கும். தரையில நாப்பதுக்கு அப்புறம் நாப்பத்திரண்டு. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கல்லு நடறதுக்குப் பட்டியல் எழுதினவன் நான். ஒரு எண்ணை விட்டுட்டேன். உடம்பு சரியில்லை, வேலை அதிகம்னு எல்லாம் சொல்ல மாட்டேன். கவனக்குறைவு, அவ்வளவுதான். தெரியவந்தப்போ தொண்ணூத்தாறு வரைக்கும் இருக்க வேண்டிய கல்லு தொண்ணூத்தேழு வரைக்கும் நட்டு முடிஞ்சிருந்தது. மாத்தி எழுத மேலிடம் ஒத்துக்கலை. அன்னையிலேருந்து ஆபீஸ்ல என்னைக் கேலி பண்ணி 'மைல்கல், மைல்கல்'னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. அந்தப் பேர்தான் இன்னைக்கு வரைக்கும் நிக்குது."

சலூன்காரருக்குக் காது அடைத்துக்கொண்டது. முப்பது வருடமாக நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் அளந்த பெருமை! அதைக் கேட்டுக் கண்ணாடியில் சிரித்த அத்தனை முகங்களும் வரிசையாக வந்து போயின. அவர்களில் ஒருவர்கூட உண்மையைச் சொன்னதில்லை. கையில் கத்தி வைத்திருப்பவனிடம் யார் சொல்லுவார்கள்? தங்கைக்கும் தெரிந்திருக்கிறது. அவளும் அண்ணன் மனசு நோகக்கூடாதென்று வாய் திறக்கவில்லை.

"அதனால சார், நீங்க உட்கார்ந்த கல்லு அச்சடிச்ச படத்துல மட்டும்தான் இருக்கு. அந்தச் சாலையில ஒரு தடவை போயிருந்தாகூட அது தெரிஞ்சிருக்கும்" என்றார் மைல்கல். "அம்மா, கோபத்துல புகார் கொடுக்கிறவன் கோபத்தைத்தான் எழுதுவான். மணி, இடம், கல்லு நம்பர்னு எழுதிக் கொடுக்கிறவன் தான் எங்க இருந்தோம்னு சாட்சி தயார் பண்றான். ஏன்னா அதே நேரத்துல இருக்கக் கூடாத வேற ஓர் இடத்துல இருந்திருக்கான். அந்த இடம் எதுன்னு நம்ம காவலர் சொல்லுவார்."

வனக்காவலர் முழு மீசையோடு முன்னால் வந்தார். "பறவைத் திட்டு" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒம்போது கூடு" என்றார்.

கேமராக்காரர் தண்ணீர் கேட்டார். குடித்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கேமரா விடுதி அலமாரியில் துண்டில் சுற்றி இருந்தது. கடல் தெறிப்பு படக்கூடாதென்று கழுத்துத் துண்டை அவிழ்த்து அதற்குச் சுற்றியவர், தன் கழுத்தை மறந்துவிட்டார். "யாருமே எடுக்காத படம் அது. முட்டை மேல உட்கார்ந்திருக்கிற தாய்ப் பறவை. அந்த ஒரு படத்துக்காகத்தான்..." என்றார்.

"அந்த ஒரு படத்துக்காக என்னைத் தெருவுல நிறுத்தப் பார்த்தீங்களே சார். உங்களுக்காக முதல் நாள் முழுக்க நிழல் பார்த்து நிழல் பார்த்து நிறுத்தினேனே" என்றாள் தங்கை. காவலர் கேமராக்காரரின் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். பார்க்கிறவர்களுக்கு அது நட்பு மாதிரிதான் தெரிந்திருக்கும்.

அதிகாரி அம்மா எழுந்து நின்று பலகையை நீட்டினார். "விசாரிக்காம எடுத்தது என் தப்பு. மன்னிச்சுக்கங்க."

"பலகை இருக்கட்டும் மேடம். முதல்ல அந்தச் சிப்பியைக் கொடுங்க" என்றாள் வேன்காரத் தங்கை. ஆறாம் நம்பரை வாங்கிப் புடவைத் தலைப்பில் துடைத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். அப்புறம்தான் பலகையை வாங்கினாள். "எண்ணாம நான் கிளம்பினதில்லை. அன்னைக்கு ஒரு ஆளை நம்பிக் கிளம்பினேன். இனிமே சிப்பி வந்தாத்தான் வண்டி நகரும், யாரா இருந்தாலும்."

வெளியே வந்து மூவரும் வேனுக்குப் பக்கத்தில் நின்றார்கள். மைல்கல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன மாப்ளே, பேச்சையே காணோம்? உன் மாமனோட பெருமை இவ்வளவுதான். இத்தனை வருஷம் நீ ஊரெல்லாம் சொல்றப்போ தடுத்திருக்கணும். கேட்க நல்லா இருந்தது, விட்டுட்டேன்."

"மாமா" என்றார் சலூன்காரர். "கல்லு நட்டவர்னு நான் சொன்னப்போ எனக்கு உங்க மேல பெருமை இருந்தது. ஆனா இன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி எழுந்து, நான் விட்டுட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு முன்னாடி தொண்ணூத்தாறு கல்லும் தூசு. இனிமே நாற்காலியில உட்கார்ற ஒவ்வொருத்தன்கிட்டயும் இதைத்தான் சொல்லப் போறேன். கேட்காதவன் பாதி மீசையோட போகட்டும்."

மைல்கல் மூக்கைத் தடவிக்கொண்டார்.

தீவைச் சுற்றிவர வா என்று தங்கை பதினாலு வருடமாகக் கூப்பிட்டும், கடையை யார் பார்ப்பது என்று போக்குக் காட்டியவர் சலூன்காரர். அடுத்த வாரம் முதன்முறையாகக் கதவில் பூட்டுத் தொங்கியது. முன் இருக்கையில் மாமா, ஜன்னலோரம் சலூன்காரர், பின்னால் புதிதாக வந்த நான்கு பயணிகள். இடப்பக்கம் கடல் கூடவே வந்தது. ஒரு வளைவில் பச்சை, அடுத்த வளைவில் நீலம். தங்கை ஒரு குழி தவறாமல் ஒதுக்கி, ஒரு வளைவில் ஒருவரும் சாயாமல் ஓட்டினாள். பக்கத்திலிருந்த பயணியின் தோளைத் தட்டி, "ஓட்டறது யாரு தெரியுமா? என் தங்கச்சி" என்றார் சலூன்காரர். அன்றைக்கு அது ஏழாவது தடவை.

இரண்டாம் நாள் மத்தியானம் நாற்பதாம் கல் கடந்தது. கொஞ்ச தூரம் போய், நாற்பத்திரண்டாம் கல் வரும் முன்பே, கருமணல் கடற்கரை தெரிகிற இடத்தில், தங்கை வேனை ஓரம் கட்டினாள். பூனை வந்து படுத்த மாதிரி நின்றது. ஆளுக்கு ஒரு சிப்பி கொடுத்து இறக்கினாள்.

"இதுதாங்க நாப்பத்தொண்ணாம் கல். நல்லா பார்த்துக்கங்க."

பயணிகள் சாலையோரத்தைத் தேடினார்கள். புல் இருந்தது, ஒரு தாழம்புதர் இருந்தது, அதற்கப்பால் கடல் இருந்தது. "இங்க ஒண்ணுமே இல்லையேம்மா?" என்றார் ஒருவர்.

"அதை நட்டவர் இவர்தான்" என்று தங்கை மாமாவைக் காட்டினாள். "இல்லாத இந்தக் கல்லுதான் என் பலகையை மீட்டுக் கொடுத்தது."

மைல்கல் கடலைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சலூன்காரர் கைக்குட்டையை எடுத்தார். இல்லாத கல்லைத் தங்கை காட்டிய இடத்தில் புல்லை நன்றாகத் துடைத்து, அதற்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டு, "எங்க மூணு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுங்க சார்" என்றார்.